முகட்டுச் சாலையின் நண்பகல் பேருந்து

எங்கள் குன்றின் முகட்டுச் சாலையில் நண்பகல் வேளையில் பேருந்தில் ஏறுவோர் ஏறத்தாழ இல்லை என்று ஒரு போக்குவரத்து அலுவலக அறிக்கை கூறுகிறது. அவ்வறிக்கையை எழுதியோர் நண்பகலில் இம்முகட்டில் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. நாள்தோறும் அங்கே நின்று பேருந்தில் ஏறிய நாங்களோ, மறுத்துரைக்க வேண்டிய வேளையில் வாய் திறக்க முடியாதவர்களாக இருந்தோம். எங்களைத் தடுத்த காரணம் இப்போது நீங்கிவிட்டது. சேவைகளை மீளாய்வு செய்யப்போவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். ஆதலால் இந்நிலத்தின் அமைப்பையும் பாதைகளையும், அவற்றால் எங்கள் வீட்டுக்கு நேர்ந்த இடரையும் எழுத்தில் பதிந்து வைப்பது இன்றியமையாததாயிற்று. ஊரின் பெயரையும் தடத்தின் எண்ணையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நியூ லின் நகர்ப்பகுதிக்கு மேலே எழும் குன்றுகளுள் ஒன்று என்று கொள்வது போதுமானது.

ஓக்லாந்து இரு துறைமுகங்களுக்கு இடையே இடுப்பொடுங்கிக் கிடக்கும் நிலம். வடகிழக்கே வைட்டெமாட்டா, தென்மேற்கே மனுக்காவ். எங்கள் குன்றுகள் அவ்வொடுக்கத்தின் மேற்கு ஓரத்தில், வைட்டாக்கரே மலைத்தொடரின் அடிவாரத்தில் தொடங்குகின்றன. ஐரோப்பியர் வருமுன் மாவோரி மக்கள் ஒரு துறைமுகத்திலிருந்து மற்றதற்கு ஓடங்களை நிலத்தின்மேல் இழுத்துச் சென்ற பாதை இதன் அண்மையில்தான் இருந்தது. அவர்கள் தாழ்ந்த இடத்தைத் தேர்ந்தார்கள். ஓடத்தை இழுப்பவனுக்கு மேடு எது, பள்ளம் எது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னர் வந்தோர் கவுரி எனும் இந்நாட்டுப் பெருமரங்களை வீழ்த்தினர். பள்ளத்தாக்கின் களிமண்ணைத் தோண்டிச் செங்கல்லும் குழாயும் சுட்டனர். நீராவி இயந்திரத்தால் எங்கள் சரிவில் ஏற முடியாதாகையால் தொடருந்துப் பாதை பள்ளத்தாக்கோடு போயிற்று. பள்ளத்தாக்கில் சேறு மிகுந்திருந்தமையால் மாட்டுவண்டிச் சாலைகள் முகட்டோடு போயின. இவ்வாறு தொடருந்து கீழும் சாலை மேலுமாகப் பிரிந்த அன்றே எங்கள் இன்றைய தொல்லைக்கு வித்திடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழத்தோட்டங்கள் மனைகளாகி, மரப்பலகை வீடுகள் எழுந்தபோதும் அந்தப் பிரிவு மாறவில்லை. முகட்டில் வாழ்பவர் நகருக்குப் போக வேண்டுமெனில் முதலில் கீழே இறங்கியாக வேண்டும்; மாலையில் ஏறியாக வேண்டும். காரில்லாதவர்க்கு அதற்கிருந்த ஒரே வழி பேருந்து.

முகட்டையும் பள்ளத்தாக்கையும் இணைக்கும் தெருக்கள் சில உள. அவற்றுள் ஒன்று வரைபடத்தில் மிக நேராக, மிக அழகாக, முகட்டுச் சாலையிலிருந்து தொடருந்துப் பாதைக்குச் செல்லும் வீதி வரை ஓடுகிறது. தரையில் அப்படியொரு தெருவே இல்லை. நிலத்தைப் பாராமல் மேசைமீது தெருக்கோடு கிழித்த காலத்தின் எச்சம் அது. இந்நாட்டார் அத்தகையவற்றைக் காகிதச் சாலை என்று அழைப்பர். அது தொடங்க வேண்டிய இடத்தில் புதர்களினூடே மரப்படிகள் இறங்குகின்றன. மாரிக்காலத்தில் அப்படிகளில் பாசியும் சேறும் படியும். பக்கத்தே கைப்பிடி உண்டு. பாதி வழியில் அதுவும் முடிந்துவிடுகிறது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மகளோடு இம்முகட்டில் குடியேறினோம். மகள் நகரின் மறுகோடியில் மருத்துவமனைப் பணி புரிபவள். வைகறையில் புறப்பட்டு இருட்டியபின் திரும்புவாள். என் கண்பார்வை குறைந்தபின் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவர் இசையவில்லை. என் மனைவி என்றுமே கார் ஓட்டியதில்லை. அவருடைய தமக்கையார் நியூ லின்னில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நினைவு தேய்ந்துவரும் நோய். அவர் கற்ற ஆங்கிலம் முழுவதும் அவரை விட்டுப் போயிற்று. எஞ்சியது தமிழும், தங்கையின் முகமும். அங்கே பணிபுரிவோர் கனிவானவர்கள். ஆயினும் அவர்கள் ஊட்டினால் அவர் வாயை இறுக மூடிக்கொள்கிறார். தங்கை சோற்றைக் குழைத்து, ரசம் விட்டு, "அக்கா, ஆ காட்டுங்கோ" என்று சொன்னால் மட்டுமே உண்பார். எனவே என் மனைவி நாள்தோறும் சமைத்து, நண்பகல் பேருந்தில் இறங்கி, ஊட்டிவிட்டு, அடுத்த பேருந்தில் மேலே வருவார். அவர் முழங்கால் அப்படிகளைத் தாங்காது. ஒரு முதியவரின் மதிய உணவு ஒரு பேருந்தைச் சார்ந்திருந்தது. நான் எழுதுவன யாவும் அதைப் பற்றியவையே.

அந்தப் பேருந்தைப் பெரும்பாலும் ஓட்டியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞர். முதல்நாள் என் மனைவி நெற்றியில் வைத்திருந்த திருநீற்றைக் கண்டு, "வாங்கம்மா, வணக்கம்" என்றார். என் மனைவி சோற்றுப் பையை ஒரு கையிலும் கைப்பையை மறுகையிலும் வைத்துக்கொண்டு பயண அட்டையைத் தேடினார். முதியோர்க்குக் காலை நெருக்கடி நேரம் கழிந்தபின் பயணம் இலவசம். ஆயினும் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் கருவியில் தட்ட வேண்டும் என்பது விதி.

"விடுங்கம்மா, தட்டவெல்லாம் வேண்டாம். உங்களுக்கு எப்படியும் காசு கிடையாது. விழுந்துடாம உட்காருங்க, அது போதும்."

"இல்லைத் தம்பி, தட்டத்தானே வேணும்?"

"எங்கம்மாவ வாசல்ல நிக்க வச்சு அட்டையக் காட்டுன்னு கேப்பனா? போய் உட்காருங்க."

இதில் குறைகாண எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. பெரியவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பது எம்மவர்க்கு ஒவ்வாத செயல். எங்கள் தெருக்களில் வாழும் தமிழ் முதியோர் அனைவரையும் அவர் அவ்வாறே அமர்த்தினார். நாங்களும் அதை எமக்குச் செய்த மரியாதையாக ஏற்று, சில வாரங்களில் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரப் பழகினோம். வேறு ஓட்டுநர் வரும் நாளில் சிரித்து மழுப்ப வேண்டியிருக்கும். மலேசியாவிலிருந்து வந்த எங்கள் அண்டைவீட்டு அம்மையார் ஏறும்போதெல்லாம் அந்த இளைஞரைச் சீண்டுவார்.

"என்ன தம்பி, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி கூப்புடுற? சந்தனம் எங்க, பன்னீர் எங்க?"

"பன்னீரெல்லாம் ரிட்டர்ன் ட்ரிப்ல, ஆன்ட்டி."

"பொண்ணு பாக்கட்டுமா உனக்கு?"

"மொதல்ல விசா வரட்டும் ஆன்ட்டி. இவங்க கம்பெனிய விட்டா நான் ஃபிளைட்டுதான்."

அவருடைய நுழைவிசைவு அந்த ஒரு பேருந்து நிறுவனத்தின் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. அந்த வேலை போனால் நாட்டை விட்டுப் போக வேண்டும். இது எங்கள் அனைவர்க்கும் தெரியும்.

இவ்வாறிருக்கையில், முகட்டுச் சாலையின் நண்பகல் சேவையை நீக்கும் எண்ணம் உண்டென்றும், மக்கள் கருத்துரைக்கலாம் என்றும் தரிப்பிடத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அருகிலுள்ள சமூக மண்டபத்தில் கூட்டம். நான் என் பழைய தொழிலை எண்ணி ஓரளவு நம்பிக்கையோடு சென்றேன். பல்லாண்டுகள் புவியியல் கற்பித்தவன். ஒரு குன்றைக் குன்றென்று நிறுவ முடியாதா என்று எண்ணினேன்.

கூட்டத்தை நடத்திய போக்குவரத்து அலுவலர் இளையவர், பண்புள்ளவர். திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதில் மேடுபள்ளம் காட்டும் சமவுயரக் கோடு ஒன்றுகூட இல்லை. எங்கள் குன்று மேசைத்துணி போல விரிந்து கிடந்தது. முகட்டில் வாழ்பவர்கள் கீழுள்ள வீதியின் பேருந்துக்கு எளிதில் நடந்து செல்லலாம் என்றார். சிவப்புப் புள்ளிகளால் அவர் காட்டிய நடைவழி அந்தக் காகிதச் சாலை.

நான் எழுந்தேன். அங்கே தெரு இல்லை, படிகள் உள்ளன என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார். அச்சரிவின் சாய்வை விளக்கினேன். மிகப் பயனுள்ள தகவல் என்றார். தொடருந்து ஏன் பள்ளத்தாக்கில் ஓடுகிறது என்பதை விளக்கத் தொடங்கியபோது அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையசைத்தபடியே நம்மை வெளியே தள்ளக்கூடியவர்கள் இந்நாட்டில் உண்டு. சினந்து எதிர்ப்பவரோடு வாதிடலாம். நன்றி சொல்லிக்கொண்டேயிருப்பவரிடம் என்ன செய்வது?

மலேசிய அம்மையார் ஆங்கிலத்தில் வெடித்தார். "நாங்கள் தினமும் போகிறோமே! ஆளில்லை என்று யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. பயண அட்டையைக் கருவியில் தட்டும்போது அது பதிவாகிறது. நண்பகலில் பதிவு மிகமிகக் குறைவு. நீங்கள் பயணம் செய்திருந்தால் அந்தப் பதிவில் இருந்திருப்பீர்கள்" என்றார் அலுவலர்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஆண்டுக்கணக்காக அந்தப் பேருந்தில் நாங்கள் ஏறியிறங்கினோம். அந்தக் கருவியைப் பொறுத்தவரை அதில் எவரும் இருந்ததில்லை. எங்களைத் தாய்தந்தையராக மதித்து அமர்த்திய அன்பே எங்களைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டது.

நான் மீண்டும் எழ முற்பட்டேன். மனைவி என் கையைப் பற்றி இழுத்தார்.

"இஞ்சருங்கோ, இருங்கோ. ஒண்டும் கதைக்காதேங்கோ."

"உண்மையைச் சொல்ல வேண்டாமோ?"

"சொன்னா உடன யார் ஓட்டினதெண்டு கேப்பினம். அந்தப் பிள்ளையின்ர விசா என்னாகும்?"

"அப்ப அக்காவின்ர சாப்பாடு?"

"அது நான் பாக்கிறன். நீங்கள் இருங்கோ."

மலேசிய அம்மையாரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் விளங்கியிருந்தது. எதையும் மூன்று முறை சொல்லும் அவர், கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வேறு கேள்விகள் உண்டா என்று அலுவலர் கேட்டார். வருகைக்கு நன்றி கூறிப் பிஸ்கட்டுத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

மாரிக்காலம் தொடங்குமுன் நண்பகல் சேவை நின்றது. இப்போது காலையில் வேலைக்குப் போவோருக்கும், மாலையில் திரும்புவோருக்கும் மட்டுமே முகட்டில் பேருந்து உண்டு. என் மனைவி விடியுமுன் சமைத்து, காலைப் பேருந்தில் இறங்கி, நண்பகல் வரை அந்த இல்லத்தின் கூடத்தில் காத்திருந்து, ஊட்டிய பின்னும் மாலைப் பேருந்து வரும்வரை அங்கேயே அமர்ந்திருக்கிறார். அக்காள் உண்ட பின் உறங்கிவிடுவார். இவர் கால்களைத் தொங்கவிட்டபடி நாற்காலியிலேயே இருப்பார். கால் வீங்கித் திரும்பும் நாட்கள் பெருகிவருகின்றன. மகள் வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்தாள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வராத ஒரு நாள் மனைவி அந்தப் படிகளில் இறங்க முயன்று, கைப்பிடி முடியுமிடத்தில் நின்று, மேலேயும் வர மாட்டாமல் கீழேயும் போக மாட்டாமல் எனக்குத் தொலைபேசினார். நான் சென்று அழைத்து வந்தேன். அன்று அக்காள் உண்ணவில்லை.

அதே மாரியில் நியூ லின் நிலையத்தில் அந்த ஓட்டுநரைச் சந்தித்தோம். அன்று தொடருந்துப் பாதையில் பராமரிப்பு வேலை. வழக்கம்போல் தொடருந்துக்குப் பதிலாகப் பேருந்துகள் ஓடின. அவற்றுள் ஒன்று அவருடையது. எங்களைக் கண்டதும் இறங்கி ஓடிவந்தார்.

"அம்மா! மேல நம்ம பஸ்ஸ நிறுத்திட்டாங்களாமே? ஆளே ஏறலன்னு எழுதியிருக்கானுங்களாம். என்ன அநியாயம் ஐயா இது! நான் தினமும் பாத்தேனே! நீங்க யாரும் போய்ச் சொல்லலியா?"

நான் தரையைப் பார்த்தேன். சொல்லலாமா என்று ஒரு கணம் நா எழுந்தது. என் மனைவி முந்திக்கொண்டார்.

"சொன்னனாங்கள் தம்பி. அவை கேக்கேல்லை. நீர் சாப்பிட்டனீரே?"

பையிலிருந்த வடையைக் கடதாசியில் சுற்றி அவர் கையில் வைத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு, அலுவலர்களைத் தம் ஊர் வழக்கில் இன்னும் இரண்டு சொல் வைது, பேருந்தில் ஏறினார். அவர் செய்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு நிரந்தர வதிவுரிமை கிடைத்து, அடுத்த சில மாதங்களில் நல்ல ஊதியம் தேடி ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்துவிட்டார் என்று மலேசிய அம்மையார் சென்ற மாதம் சொன்னார். அதன் பின்னரே மனைவி, "இனி எழுதுங்கோ" என்றார்.

மீளாய்வுக்கென ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பத்தை மகள் ஆயத்தம் செய்கிறாள். இங்கே கூறிய நிலவியலும் வரலாறும், தட்டாத அட்டைகளின் செய்தியும் அதில் இடம்பெறும். ஓட்டுநரைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அதற்குள் என் மனைவி தம்மாலானதைச் செய்கிறார். காலைப் பேருந்தின் வாசலில் நின்று, ஏறும் தமிழ் முதியோர் ஒவ்வொருவரையும், "தட்டிப்போட்டு இருங்கோ, சத்தம் கேட்டதோ?" என்று மறிக்கிறார். சிலர் அதை அவமதிப்பாகக் கருதி அவரோடு பேசுவதில்லை.

இதைப் படிப்போர்க்கு ஒரு விண்ணப்பம். நான் கற்ற புவியியல் வேறொரு தீவினுடையது. இக்குன்றுகளின் பழைய செய்திகளை நூலகத்திலும் அயலாரின் வாய்மொழியிலும் பொறுக்கியே எழுதியிருக்கிறேன். ஓடப் பாதை, சூளைகள், முகட்டுச் சாலை, காகிதச் சாலை ஆகியவற்றைப் பற்றி நான் கூறியதில் பிழை இருப்பின், மகள் விண்ணப்பத்தை அனுப்புமுன் திருத்தித் தாருங்கள். ஒரு பிழையைச் சுட்டி முழுவதையும் ஒதுக்கிவிட அங்கே நன்றி கூறும் அலுவலர் பலர் இருக்கிறார்கள். அந்த நண்பகல் பேருந்தில் அட்டை தட்டாமல் பயணம் செய்தவர்களுள் நீங்களும் ஒருவராயின், அதையும் எழுதுங்கள். எத்தனை பேர் அதில் இருந்தோம் என்பது பற்றி என் நினைவும் தவறாக இருக்கலாம்.