காருக்கு முன்பே எழுதிய பிரிவு 279

நூறு வயது தாண்டிய கார் ஒன்று ஒரகடத்தில் இன்னும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். காலை 7.40-க்கு ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக் கார். அரை நாளுக்கு 1,400 ரூபாய். ஓட்டுநர் முருகேசன் ஒரு நிபந்தனை போட்டார். பத்தரைக்கு அவர் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

"குத்தத்த ஒத்துகினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு வக்கீல் குமாஸ்தா சொல்றாரு சார்."

2024 ஜூனில், சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க ஓரமாக நிறுத்தியிருந்த இவருடைய வேனின் பின்னால் ஒரு பைக் மோதியது. வழக்கு வேன்மீது. உருவத்தில் பெரிய வண்டியே குற்றவாளி என்பது நெடுஞ்சாலையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட இயற்பியல். இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 279, கண்மூடித்தனமாக ஓட்டியது. ஜூலை முதல் தேதி அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார்கள். முருகேசன் நிம்மதியானார். பிறகு சம்மன் வந்தது.

"சட்டமே பூட்ச்சு, கேஸ் மட்டும் இன்னாத்துக்கு கீது?"

ஜூனில் நடந்ததற்கு ஜூன் மாதச் சட்டம்தான் என்றேன். தொழிற்சாலை பஸ் ஓட்டும் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். தண்டனை பெற்றவர்களை அங்கே எடுப்பதில்லை. ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அதுவும் தண்டனைதான். குமாஸ்தா சொல்லாத இதையும் சொன்னேன். பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரகடம் வந்தது.

தகரக் கொட்டகையில் நின்றது கார். மர ஆரக்கால் சக்கரங்கள், பித்தளை விளக்குகள், முன்னால் சுழற்றிக் கிளப்பும் கைப்பிடி. உரிமையாளரின் நான்காவது சுழற்றலில் உயிர் வந்தது. தரை அதிர்ந்தது. வாய் பிளந்து நின்றேன்.

"இத்த ஓட்னவன் மேலயும் அதே செக்சன்தானா?"

"அதேதான். சட்டம் 1860. கார் வந்தது அதற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து."

"வண்டி பொறக்கறதுக்கு முன்னாடியே கேஸ் எழுதி வெச்சிட்டானுங்க."

மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் பார்த்து எழுதிய ஒரு வரி, இந்தக் காரையும் வெளியே போகும் கண்டெய்னர் லாரிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. எழுதியவர்கள்மீது மரியாதை வந்ததை மறைக்கவில்லை. புதிய சட்டத்திலும் அந்த வரி, 281 என்ற எண்ணோடு வேலையில் தொடர்கிறது.

கோர்ட்டில் 11.50-க்குக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"ஆமான்னு சொல்லுய்யா," என்று பின்னாலிருந்து குமாஸ்தா கிசுகிசுத்தார்.

முருகேசன் திரும்பவில்லை. "இல்லீங்க ஐயா. வண்டி நின்னுகினு இருந்துச்சு."

வாய்தா போட்டார்கள்.

"இன்னும் மூணு வருசம் அலையப் போற," என்றார் குமாஸ்தா, வெளியே வந்து.

"ஓட்டாத வண்டிய ஓட்னேன்னு எப்டி சொல்றது?"

பஸ் வேலை அதுவரை காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். எடுத்துவிட்ட சட்டம் ஒன்று அவருக்காக இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

கார் பார்க்கப் போகிறவர்கள் ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பிறகு தகரம் சுடும். முருகேசனை அழைப்பதானால் முதலில் வாய்தா தேதியைக் கேளுங்கள். இனி அந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தாலும் வர மாட்டார்.