ராணியின் மோஷன் டெஸ்ட்

சாரம் பகுதியில் ஒரு பெட் கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நாய்க்கு ரத்தம் எடுக்க உடனே சம்மதிப்பவர்கள்கூட, மலம் கொண்டுவரச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். நெல்லித்தோப்பு மூர்த்தி அண்ணன் ஒரு படி மேலே போனார்.

அவர் சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரி சூப்பர்வைசர். தடுப்பூசி போடத் தன் நாய் ராணியைக் கூட்டிவந்திருந்தார். டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது.

"புழு இருக்கான்னு மோஷன் டெஸ்ட் பண்ணிடலாம். நாளைக்கு இதுல கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று ஒரு டப்பியை நீட்டினார்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா டாக்டர், ராணி எங்ககூட ஏசி ரூம்ல படுக்குது. அதுக்குப் போயி புழுவா?"

"ஏசிக்கெல்லாம் புழு பயப்படாதுண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் டப்பி வந்தது. உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்ததை ஸ்லைடில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு புழு முட்டைகூட இல்லை. மகள் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்ததுபோல அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கிப் போனார். டாக்டர் மட்டும், "அப்புறம் ஈறு ஏன் வெளுக்குது?" என்று முனகிக்கொண்டே டானிக் எழுதினார்.

அடுத்த வாரமே அண்ணன் ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கூடவே அவர் மனைவி வள்ளி அக்கா. ராணியால் நிற்கவே முடியவில்லை. மலம் பத்து நாளாகவே தார் மாதிரி போகிறதென்றார் அக்கா.

"பத்து நாளாவா? நான் பாத்தது நல்ல கலர்ல இருந்துச்சேக்கா."

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் சுவரிலிருந்த தடுப்பூசி போஸ்டரை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா முழிக்கிற? எதக் கொண்டாந்து குடுத்த?"

"எதிர் வீட்டு டைகருது... நம்ம ராணிய யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னுதான்."

"அடப்பாவி மனுசா! பரீட்சைக்கு ஆள் மாத்தி அனுப்புனியா?"

அங்கேயே ராணியின் மலத்தை எடுத்துப் பார்த்தேன். ஸ்லைடு முழுக்கக் கொக்கிப்புழு முட்டை. குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கிற புழு அது. டாக்டர் டிரிப் ஏற்றி, புழு மருந்து கொடுத்தார். ராணியின் முன்னங்காலைப் பிடித்தபடி அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானே என் புள்ளைய கொல்லப் பாத்தனே" என்று கண்கலங்கியவரை அப்போது யாரும் கேலி செய்யவில்லை.

ராணி பிழைத்தது. இப்போது அண்ணன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பியோடு வந்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி, "ராணியுதுதான்! சந்தேகம்னா அவளயே கேட்டுக்குங்க" என்கிறார்.

மைக்ரோஸ்கோப் முட்டையைக் காட்டும், கூச்சத்தைக் காட்டாது. அதனால் டப்பி கொடுக்கும்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன்: "புழு வர்றதுல கேவலம் ஒண்ணுமில்ல. எங்க வீட்டு நாய்க்கே வந்துச்சு."

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. பூனைதான்.