முப்பத்தோராம் மரம்

ஹமாகுச்சி தொகுயோவை எங்கள் ஊர் வனக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்த்தது அவளுடைய கெட்டிக்காரத்தனத்துக்காக அல்ல. அவள் அப்பாவிடம் ஒரு குன்று நிறைய ஹினோக்கி மரம் இருந்தது. அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லை. பிறகு அப்பா போனார், மரத்தின் விலை இறங்கியது, அந்த வீட்டுக்கான மரியாதையும் இறங்கியது. தொகுயோ மட்டும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம்.

எங்கள் கமினோசே காட்டில் மரம் வளர்வதற்கு அவள் தேவைப்படவில்லை. வளர்ந்ததை நிரூபிக்கத்தான் தேவைப்பட்டாள். நட்டதற்குப் பச்சை ஃபைல், நெருக்கம் குறைக்க இடையில் கலைத்து எடுத்ததற்கு மஞ்சள், வெட்டியதற்குச் சிவப்பு. நீலம் எதற்கு என்று அவளுக்கே தெரியாது. ஆனால் வருகிற ஆய்வாளர்கள் எல்லாரும் நீலத்தைத்தான் முதலில் எடுப்பார்கள், நாலு பக்கம் புரட்டுவார்கள், மனநிறைவோடு தலையாட்டி வைப்பார்கள். ஒரு வருஷம் எலி பச்சை ஃபைலைத் தின்றுவிட்டது. நாற்பது வயதுக் காடு ஒன்று காகிதத்திலிருந்து காணாமல் போயிற்று. புது நகல் வந்து சேரும்வரை மூன்று மாதம் எங்கள் ஆட்கள் இல்லாத காட்டுக்குப் போய், இல்லாத மரத்தின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒசாகாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பதினோரு மழலைப் பள்ளிகளுக்குத் தரைப்பலகை. ஒரே நிபந்தனை: காட்டை அழிக்காமல் எடுத்த மரம் என்கிற சான்றிதழ், நவம்பர் முடிவதற்குள் வேண்டும். எங்கள் பழைய சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. ஆர்டர் கைவிட்டுப் போனால் ஊரின் மர அறுவை ஆலை வசந்தத்தைப் பார்க்காது. ஆலை மூடினால் அதில் வேலை செய்யும் பதினாலு பேரும் ஊரை விட்டுப் போவார்கள். மலையை யார் பார்த்துக்கொள்வது? மானும் பன்றியுமா?

ஆய்வாளர் வரும் தேதி கடிதத்தில் வந்தது. நவம்பர் ஏழு.

எங்கள் மலைத் தெய்வம் பெண். அழகில் கொஞ்சம் குறைச்சல், கோபத்தில் குறைச்சலே இல்லை. நவம்பர் ஏழாம் தேதி அவள் தன் மரங்களை எண்ணுவாள். அன்றைக்குக் காட்டுக்குள் யார் நின்றாலும் மரமென்று கணக்கில் சேர்த்துவிடுவாள். சேர்ந்தவன் வீடு திரும்ப மாட்டான். ஆகவே அன்றைக்கு ரம்பத்துக்கு ஓய்வு. ஊர் ஆண்கள் கோவில் முன்னால் கூடி, ஒகோஸே மீனைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். அந்த மீனின் மூஞ்சியைப் பார்த்தால், நம்மைவிட மோசமாக ஒன்று இருக்கிறதே என்று அவளுக்கு மனசு ஆறும். பெண்கள் காட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அவளுக்குப் பெண்களைக் கண்டால் ஆகாது.

தேதியை மாற்றச் சொல்லி தொகுயோ எழுதினாள். அரசு விடுமுறைப் பட்டியலில் அந்த நாள் இல்லை என்று பதில் வந்தது.

ஷிராய்ஷி என்கிற அந்த ஆய்வாளர் தோக்கியோக்காரர். முப்பத்து நாலு வயது, புத்தம்புது பூட்ஸ், முட்டிவரை தொங்கும் சாம்பல் நிற மழைக்கோட்டு. காலையில் ஃபைல் பார்த்தார். நீலத்தில் ஆரம்பித்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க," என்றார். "ஆனா முந்தாநாள் துறைமுகத்துல ஒரு கம்பெனி பாத்தேன். மூணு கடல் தாண்டி மரம் வருது. என்ன அழகான ஃபைல் தெரியுமா? அரை நாள்ல முடிச்சுக் கொடுத்துட்டேன்."

"அந்த மரத்தோட அடிக்கட்டையப் பாத்தீங்களா, ஷிராய்ஷி சான்?" என்றாள் தொகுயோ.

"அது என் எல்லைக்குள்ள வராது."

"அப்ப எங்களோட அடிக்கட்டை?"

"உங்களுது நடக்கிற தூரத்துலதானே இருக்கு. பாத்தே ஆகணும். இருபது மீட்டருக்கு இருபது மீட்டர், ஒரு சதுரம். உங்க பதிவுல நாப்பத்தாறு மரம். எண்ணிடலாம், வாங்க."

சங்கத் தலைவர் குராமோட்டோவுக்கு எழுபத்தொரு வயது. பேப்பர் மில்காரர்களையே எதிர்த்து நின்றவர். இப்போது முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கு என் ஆளுங்க யாரும் உள்ள வர மாட்டாங்க."

"பணியாளர் ஒத்துழைக்கலைன்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே ஷிராய்ஷி பேனாவைத் திறந்தார்.

"நான் வரேன்," என்றாள் தொகுயோ.

"ஏய், நீ பொம்பளை!"

"அம்பத்தெட்டு வயசுல என்னைப் பாத்துப் பொறாமைப்படுறவ தெய்வமா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன, தலைவரே? எனக்குப் பெருமைதான். அந்த மீனக் கொடுங்க."

காய்ந்த ஒகோஸேயை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். வாய்தான் அப்படிப் பேசியது. காட்டு விளிம்பைத் தாண்டியதும் தலையைக் குனிந்துகொண்டாள். தெய்வத்தின் கண்ணில் தன் முகம் படக்கூடாது. பார்வை தன் பூட்ஸைவிட்டு நகரவில்லை. போதாததற்கு மூடுபனி வேறு.

எண்ணும் முறை எளிது. ஒன்று, இரண்டு என்று எண் அச்சடித்த நாடாச் சுருள் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு துண்டு கிழித்து, மரத்துக்கு ஒன்றாக ஸ்டேப்ளரால் அடித்துக்கொண்டே போகவேண்டும். கடைசித் துண்டின் எண்தான் மரங்களின் எண்ணிக்கை. தொகுயோ குனிந்த தலையோடு கையை நீட்டித் தடவுவாள், நேராக, ஈரமாக, அசையாமல் ஏதாவது தட்டுப்படும், டக். அடுத்தது. டக். அடிக்கொரு தடவை மீனை எடுத்து மேலே காட்டி, "பாத்துக்கம்மா, சிரிச்சுக்கம்மா," என்று முணுமுணுப்பாள். ஷிராய்ஷி சதுரத்தின் நடுவில் நின்று, படிவத்தில் மண்ணின் நிறத்தை எப்படி நிரப்புவது என்று ஆழ்ந்த யோசனையில் இருந்தார்.

கடைசித் துண்டில் நாற்பத்தேழு.

"ஒண்ணு கூட இருக்கு," என்றார் ஷிராய்ஷி.

திரும்பி வந்து தலைவரிடம் சொன்னபோது, உயிரோடு வந்தார்களே என்கிற சந்தோஷத்தில் அவர் சிரித்துவிட்டார். "கூட இருந்தா நல்லதுதானே?"

"எப்படி நல்லது? குறைஞ்சா திருட்டு. கூடினா பொய்ப் பதிவு. அந்த மரம் எங்கேருந்து வந்துச்சு?"

"மண்ணுலேருந்து."

"ஆவணம் இருக்கா?"

"இன்னொரு தடவை எண்ணிப் பாத்துடலாமே," என்றாள் தொகுயோ.

"மறு எண்ணிக்கைன்னா மறு ஆய்வு. மே மாசம்தான் தேதி கிடைக்கும்."

மே மாதத்தில் ஒசாகாக் குழந்தைகள் வேறு யாருடைய பலகையிலோ தவழ்ந்துகொண்டிருக்கும். தொகுயோ குரலைத் தாழ்த்தினாள். "பேனா இருக்கு. நாப்பத்தாறை நாப்பத்தேழு ஆக்கிடட்டுமா?"

ஷிராய்ஷி பாம்பை மிதித்தவர் மாதிரி துள்ளினார். "எழுதினத அழிக்கவே கூடாது! என்ன நடந்துச்சோ, யாரால நடந்துச்சோ, அத அப்படியே பக்கத்துல எழுதணும். இதான் எங்க முதல் விதி."

"அப்படியா," என்றாள் தொகுயோ பணிவாக. "மனசுல வெச்சுக்கறேன்."

சான்றிதழ் நிறுத்திவைக்கப்படும் என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து பையில் வைத்துக்கொண்டு, ஷிராய்ஷி எங்கள் ஊரின் ஒரே விடுதிக்குப் போனார். படிவத்தைத் தலைமையகத்துக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

காலை ஏழரைக்குச் சங்கத்தில் போன் அடித்தது. விடுதிக்காரி ஃபுசாயே.

"அக்கா, உங்க மரம் ஒண்ணு என் வீட்டு வாசல்ல தொங்குது."

"என்னடி உளர்ற?"

"காய வெச்ச கோட்டுக்குப் பின்னாடி நம்பர் அடிச்சிருக்கு. முப்பத்தொண்ணு."

தொகுயோ ஐந்து நிமிஷத்தில் அங்கே இருந்தாள். ஷிராய்ஷி மிசோ சூப்பும் கருவாடுமாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மழைக்கோட்டை விரித்தாள். முதுகின் நட்டநடுவில், வளைவு நெளிவில்லாமல், இரண்டு ஊசி போட்டு: 31.

அவர் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஏங்க, என்னையா...?"

"மன்னிச்சுக்கங்க, நான் தலைய நிமிர்த்தல. நேரா இருந்துச்சு. ஈரமா இருந்துச்சு. அசையவே இல்ல."

அடுப்படியில் ஃபுசாயே எதையோ கீழே போட்டாள்.

"அப்ப மரம் நாப்பத்தாறுதான். சரி, சரி. எண் முப்பத்தொண்ணு பயன்படுத்தப்படலைன்னு எழுதிடறேன்," என்று ஷிராய்ஷி அவசரமாகப் படிவத்தை எடுத்தார்.

"பயன்படுத்தினோமே," என்றாள் தொகுயோ.

"ஹமாகுச்சி சான்..."

"என்ன நடந்துச்சோ, யாரால நடந்துச்சோ, அப்படியே எழுதணும். நேத்து நீங்க சொன்னத எழுதி நீல ஃபைல்ல வெச்சிருக்கேன்."

நல்ல மனுஷன்தான், தன் விதியைத் தானே மீற மனசு வரவில்லை. காது சிவக்க, 'மூல காரணம்' என்ற கட்டத்தில் எழுதினார்: எண் 31, ஆய்வாளர். அதற்குக் கீழே, 'மீண்டும் நிகழாமல் தடுக்கும் நடவடிக்கை' என்று ஒரு கட்டம். அதைச் சங்கம்தான் நிரப்பவேண்டும். தொகுயோ பேனாவை வாங்கித் தன் திருத்தமான கையெழுத்தில் நிரப்பினாள்: எண்ணும்போது ஆய்வாளர் அவ்வப்போது அசைய வேண்டும்.

முரண்பாடு தீர்ந்தது. சான்றிதழ் இருபத்து மூன்றாம் தேதி வந்து சேர்ந்தது, ஒசாகாவுக்கு முதல் லாரி இருபத்தெட்டாம் தேதி போனது. ஆலை இன்றைக்கும் காலை ஏழு மணிக்குக் கத்தி ஊரை எழுப்பிவிடுகிறது. எங்கள் ஊரில் பாதிப் பேர் தெய்வம்தான் தொகுயோவின் கையைப் பிடித்து ஸ்டேப்ளரை அடிக்கவைத்தாள் என்கிறார்கள். தெய்வம் கணக்கில் எடுத்தும் வீடு திரும்பிய ஒரே ஆள் ஷிராய்ஷிதான், கோட்டைக் கழற்றிவிட்டதால் தப்பித்தார் என்பது தலைவரின் கட்சி. மீதிப் பேர் தொகுயோவின் முகத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அவள் ஒகோஸே மீனின் மேல் சத்தியம் செய்கிறாள், தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

மறு வருஷம் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் பொதுவாக. காட்டில் எண்ணிக்கை நடக்கும்போது ஆய்வாளர்கள் கட்டாயம் ஆரஞ்சு நிற மேல்சட்டை அணிய வேண்டும். காரணம் குறிப்பிடப்படவில்லை.

தொகுயோ அதை இரண்டு தடவை வாசித்து, துளை போட்டு, நீல ஃபைலில் வைத்தாள்.