ஆர்க்டிக்கும் ஆறரைப் பெரட்டும்

ஒரு சொல்லின் மேல் ஆசைப்பட்டு, ஒரு டிவிஷன் பெண்களையே உறைபனியில் நிற்க வைத்தவன் நான். அந்தச் சொல் ஆர்க்டிக்.

நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். தை மாதம் விடியும்போது தேயிலைச் செடியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில்தான், காலை ஆறரைக்கு, பெரட்டுக்கு ஆள் கூட்டி, பேர் பதிந்து, மலைக்கு அனுப்புவார்கள்.

கொழுந்தெடுப்பவர்களின் தலைவி செல்வராணி ஆபிஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"கிளாக்கரையா, பனி விழுகுற மட்டும் பெரட்ட ஒரு மணித்தியாலம் பிந்தி வைக்கச் சொல்லி தொரைக்கு ரெண்டு வரி இங்கிலீசுல எழுதிக் குடுங்க. கை வெறைச்சுப் போகுது, கொழுந்த ஒடிக்க முடியல. அம்புட்டுதான்."

அம்புட்டு மட்டும் எழுத என் படிப்பு விடுமா? 'எமது மலைகளில் நிலவும் ஆர்க்டிக் சூழல்' என்று ஆரம்பித்தேன்.

எங்கள் டவுனில் அந்தச் சொல்லுக்கு மரியாதையே கிடையாது. ஐஸ்கிரீம் வண்டிக்கு அது பெயர், சுவெட்டர் கடைக்கு அது பெயர். ஏப்ரல் சீசனுக்கு வரும் கொழும்புக்காரர், வேனை விட்டு இறங்கியதும் "ஆர்க்டிக் மாதிரி இருக்கே!" என்று நடுங்கிவிட்டு, அடுத்த நிமிஷம் அரைக்கைச் சட்டையோடு செல்ஃபி எடுப்பார். அத்தனை பேரையும் இளக்காரமாகப் பார்த்தவன் நான். பொருள் தெரிந்தவன் அல்லவா!

தோட்டத்து மேனேஜரான துரை மனுவைப் படிக்கும்போது, தலைமை ஆபிசிலிருந்து வந்த இரண்டு பெரிய மனிதர்கள் பக்கத்தில் இருந்தார்கள். துரைக்கு நல்ல மனநிலை. பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"ஆர்க்டிக்காம்! அப்ப நம்ம மலையில பென்குயினும் திரியுதா, மிஸ்டர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"இல்ல சேர். பென்குயின் இருக்கிறது தென் துருவத்துல. ஆர்க்டிக்னா வட துருவம். கிரேக்கத்துல கரடிக்கு உள்ள பேர்ல இருந்து வந்த சொல்லு. வடக்கு வானத்துல கரடின்னு ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்குதுங்க, சேர்..."

வந்தவர்களில் ஒருவர் துரையைப் பார்த்துப் புன்னகைத்தார். துரை பேனாவை மூடினார்.

"அப்ப கரடி வரட்டும். வந்த பொறகு பெரட்ட மாத்துவோம்."

மனு எழுதப்போகும் இளம் கிளாக்கர்மாரே, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். துரை பூமிப்பந்தைத் தலைகீழாகவே பிடித்திருந்தாலும் கையெழுத்து விழும்வரை அது அப்படியே சுற்றட்டும்.

நடந்ததைச் செல்வராணியிடம் சொன்னேன். என் பக்கம் நியாயம் இருந்ததையும் விளக்கினேன். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப கரடிதான் சரிங்களா?"

"கரடிதான்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லதாப் போச்சுங்க. நாளைக்கு விடிய அதையே பெரட்டுக்கு வரச் சொல்லுங்க. அதுக்காவது ஒடம்பெல்லாம் முடி இருக்கு."