மூன்று வசவும் ஒரு கலர் கார்டும்

சான்டா கிளாராவில் பெயின்ட் கடையில் கலர் கலக்கும் நாகமணி அக்காவைத் தெரியாது என்றால், இந்த ஊரில் நீங்கள் இன்னும் ஒரு சுவருக்கும் பெயின்ட் அடிக்கவில்லை என்று அர்த்தம். உடுமலைக்காரர். கணவரின் வேலையை ஒட்டிக் கிடைக்கிற எச்-ஃபோர் விசாவில் வந்து நான்கு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர், வேலை பார்க்க அனுமதி வந்த வாரமே இந்த கவுன்டரில் போய் நின்றுவிட்டார். நான் விஷாகா, அதே கடையில் பில் போடுகிறவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு அந்த இடத்தில் உற்சாகம்தான் வரும்.

போன செவ்வாய்க்கிழமை லின் என்ற சீனப் பெண் ஒரு கடிதத்தோடு ஓடி வந்தார். புதிதாக டம்ப்ளிங் என்கிற சீனக் கொழுக்கட்டைக் கடை திறக்க இருந்தார். முகப்பில் சுளீரென்ற சிவப்பு, வாசலில் இரண்டு தங்க நிற டிராகன், சுற்றிலும் மின்னுகிற பல்புகள். கட்டடத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு கேரிஷ், காடி, டேக்கி என்று மூன்று இங்கிலீஷ் வார்த்தையில் திட்டி எழுதியிருந்தார். மறுநாள் காலை வருவாராம். வழிக்கு வராவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டுமாம்.

லின்னின் போன் அந்த மூன்று வார்த்தைக்கும் சீன மொழியில் ஒரே வார்த்தையைத்தான் காட்டியது: ரசனை கெட்டது. பாவம், முகமே செத்துப்போயிருந்தது. ஒரு வாளி வெள்ளை பெயின்ட் கொடுங்கள், எல்லாவற்றையும் மூடிவிடுகிறேன், டிராகனையும் கழற்றிவிடுகிறேன் என்றார். அந்த டிராகன்கள் அவரும் கணவரும் மூன்று மாதம் உட்கார்ந்து தங்கள் கையால் செய்தவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவுக்கோ கண் மின்னியது. “விஷாகா, மூணும் ஒண்ணுன்னு நெனச்சுட்டாங்க கண்ணு! அந்த ஷேட் கார்டெல்லாம் எடு, சீக்கிரம்!”

அக்காவின் இங்கிலீஷில் பாதி கையால் பேசுவது. சிவப்பு கார்டை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணை இடுக்கிக்கொண்டார். கண் கூசுகிறதல்லவா, அதுதான் கேரிஷ், இரண்டு ஷேட் இறக்கினால் போய்விடும் என்றார். லின்னின் போனில் கடையின் படத்தை எடுத்து, பாதி பல்புகளைக் கட்டைவிரலால் மறைத்தார். அலங்காரம் மிதமிஞ்சிப் போனால் காடி, பாதியைக் கழற்றினால் சரியாகிவிடும். டேக்கிக்கு அவர் எந்தக் கார்டையும் எடுக்கவில்லை.

“இது சுவரைச் சொல்வதில்லை. உங்களுக்கே ரசனை இல்லை என்கிறது. இதற்கு எங்கள் கடையில் பெயின்ட் கிடையாது,” என்றார்.

லின் மூன்றையும் சீன எழுத்தில் தனித்தனியாக எழுதிக்கொண்டார். மூன்றாவதை எழுதும்போது பேனா அழுந்தியது.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் நாங்கள் இருவரும் என் காரில் லின்னின் கடை வாசலுக்குப் போய் நின்றோம். கட்டடத்துக்காரர் காபியும் கையுமாக வந்தார்.

அக்கா கொடுத்த கார்டை லின் நீட்டினார். “கேரிஷ், ஒத்துக்கொள்கிறேன். சிவப்பு இன்றே இந்த ஷேடுக்கு இறங்கும். காடி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பாதி பல்பைக் கழற்றுகிறேன்.” மூச்சை இழுத்துவிட்டார். “டேக்கி, இல்லை. டிராகன் இருக்கும்.”

கட்டடத்துக்காரர் கார்டைப் பார்த்தார், டிராகனைப் பார்த்தார், திரும்பவும் லின்னைப் பார்த்தார்.

“அந்த ஷேட் என்றால் சரி. டிராகன் இருக்கட்டும்.”

அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து லாண்டிரிக்காரர் வெளியே வந்துவிட்டார்! லின் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கட்டடத்துக்காரருக்கே கை கொடுத்துவிட்டேன்.

காரில் ஏறியும் அந்தப் பரபரப்பு அடங்கவில்லை. “எப்படிக்கா உங்களுக்கு மட்டும் இவ்ளோ கரெக்டா டிஃபரன்ஸ் தெரியுது?” என்று கேட்டேன்.

அக்கா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். “இங்க வந்த புதுசுல எங்க வீட்டுக்காரரு ஆபீஸ் பார்ட்டிக்குப் பட்டுச்சேலையில போனேன் கண்ணு. மூணு பேரு நின்னு என்னையப் பேசினாங்க, இதே மூணு வார்த்தை, ஆளுக்கொண்ணு. எந்த வார்த்தைக்கு எதைக் கழட்டோணும்னு எனக்கு அன்னைக்குத் தெரியல. பாத்ரூமுக்குப் போயி வளையலு, பூவு, பொட்டுன்னு எல்லாத்தையும் கழட்டிப்போட்டேன்.”