சேற்றில் ஒரு மூன்றாமிடம்

டொராண்டோ, 1997 நவம்பர்.

ஸ்காபரோவில் ஒரு பூங்கா. இரவு பெய்த மழையில் புல்வெளி முழுக்கச் சேறு. சென்னையிலிருந்து வந்திருக்கும் நான், கோட்டுப் பைக்குள் கைகளைப் புதைத்துக்கொண்டு சைக்ளோகிராஸ் என்னும் சேற்றுச் சைக்கிள் பந்தயம் பார்க்கிறேன். பலகைத் தடை வந்தால் பிள்ளைகள் குதித்திறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறி ஓடுகிறார்கள்.

பக்கத்தில் நிற்கும் பெண் திடீரென்று தமிழில் கத்துகிறார்: “விடாத, பிள்ளை, ஓடு!”

“உங்கள் மகளா?” என்கிறேன்.

“ஓம் தம்பி. அந்த மஞ்சள் ஹெல்மெட். முதல் மூண்டுக்குள்ள வந்தால்தான் கனடா சாம்பியன்ஷிப்புக்கு எடுப்பினம். இப்ப மூண்டாவதா வாறாள்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைசி வளைவில் மகள் வழுக்கி விழுகிறாள். எழுந்து பார்த்தால் செயின் அறுந்து தொங்குகிறது. பின்னால் இன்னொருத்தி நெருங்கிவிட்டாள். மகள் யோசிக்கவே இல்லை. சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகிறாள். பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் தாயும் கூடவே ஓடுகிறார். என்னை அறியாமல் நானும் கத்திக்கொண்டே ஓடுகிறேன்.

ஒரு சக்கர வித்தியாசத்தில் அவளுக்கு மூன்றாமிடம்.

தாய் அவளைக் கட்டிப்பிடித்ததில் அவருடைய வெள்ளைக் கோட்டெல்லாம் சேறு. மகள் மூச்சு வாங்கியபடி தாயின் தோளுக்கு மேலாக என்னைப் பார்க்கிறாள்.

“அம்மா, ஆர் உந்த அங்கிள்? வை வாஸ் ஹி ரன்னிங்?”

தாய் திரும்பிப் பார்க்கிறார். என் பேண்டும் முழங்கால்வரை சேறு. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“தெரியாது பிள்ளை. எங்கட ஆள்தான்.”