பாட்டுக்கு பர்மனென்ட் ஆன நாள்

ஒவ்வொரு டிசம்பரிலும் என் கைப்பேசியில் ஒரு சண்டை நடக்கும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாரத்து விற்பனையில் முதலிடம் பிடித்த பாப் பாட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் அதில் வந்து, இந்தப் பாட்டு வந்த வருடம் எனக்குக் குழந்தை பிறந்தது, அந்தப் பாட்டு வந்த வருடம் பனியில் வண்டி நின்றுவிட்டது என்று ஆளுக்கொரு நினைவைச் சொல்வார்கள். அதன்பிறகு எது நல்ல பாட்டு, எது குப்பை என்று அடித்துக்கொள்வார்கள். போன வருடம் ஒருவர், நான் உயிராக வைத்திருக்கும் பாட்டை வெறும் சர்க்கரைப் பாகு என்றும், ஒரு வாரம் விற்றுவிட்டு மறந்துபோக வேண்டிய சரக்கு என்றும் எழுதிவிட்டார். நான் விடவில்லை. நீங்கள் அதை எங்கே கேட்டீர்கள், காரிலா, கடையிலா, எங்கள் வீட்டில் அதைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்று பாடியிருக்கிறோம் என்று பதில் போட்டேன். அவர் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார். அந்தப் பொம்மைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்தோம். எங்கள் ஊரில் மனிதர்களில் இரண்டே சாதிதான். ஒன்று பர்மனென்ட், மற்றொன்று கான்ட்ராக்ட். யாருடைய வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே இவற்றில் எது என்று தெரிந்துகொள்வார்கள். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, எங்களோடு குவார்ட்டர்ஸில் தங்கி ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தாள். அவள் கான்ட்ராக்ட். மற்றவர்களை பர்மனென்ட் ஆக்கும் ஆர்டர்களை டைப் அடிப்பது அவள் வேலைகளில் ஒன்று. இதில் இருக்கும் வேடிக்கையைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அந்த வருடம் மட்டும், அவளையும் அவளோடு வேலையில் சேர்ந்த சிலரையும் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

அத்தைக்கு ஆங்கிலப் பாட்டுப் பைத்தியம். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால் பிடித்துக்கொண்டது என்று அம்மா சொல்வாள். சாமி கும்பிடுவதெல்லாம் எங்கள் சாமிகளைத்தான். ஆனால் டிசம்பர் வந்தால் அவளுக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தப் பாட்டு முதலில் வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. மார்கழிக் கோலம் போட எழுந்திரிக்க மாட்டாள், வெள்ளைக்காரனின் பாட்டுக்கு மட்டும் கண் விழிப்பாள் என்று அம்மா முனகுவாள். எங்கள் பிளாக்குக்கு கேரல் பாட வந்த சர்ச் அண்ணன்மார்களிடம் அவள் ஒருமுறை தனக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டாள். அதில் ஆண்டவர் பேரே இல்லையே அக்கா என்று அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒன்றை அவள் ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒற்றை ஆள் என்பதும் சரியில்லை. வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கேசட் கடை வைத்திருந்த பாய் ஒருவர் இருந்தார். அவரும் இந்த விஷயத்தில் முற்றிய கேஸ். அந்த வருடம் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே போட்டி. ஒன்று, ஐந்து பையன்கள் சேர்ந்து குதித்துப் பாடியது. மற்றது, கரகரத்த குரலில் ஒரு பெண் தனியாகப் பாடியது. பாய் பையன்களின் கட்சி. அத்தையின் பாட்டை அழுமூஞ்சிப் பாட்டு என்பார். மணிச் சத்தம் இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் பாட்டு என்பது அவர் கேள்வி. மணி வேண்டுமென்றால் ஐஸ் வண்டிக்குப் பின்னால் போங்கள் என்பாள் அத்தை. யார் பாட்டு தோற்கிறதோ, அவர் தரப்புக்கு இதுதான் தண்டனை என்று பேசிவைத்திருந்தார்கள்: பாய் தோற்றால் கிறிஸ்துமஸ் அன்று முழுக்க அத்தையின் பாட்டைக் கடை ஸ்பீக்கரில் போட வேண்டும். அத்தை தோற்றால் அழுமூஞ்சிப் பாட்டுதான் என்று கடை வாசலில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாட்டில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு இடம். திரும்பத் திரும்ப, 'ஆயில் வெயிட், ஆயில் வெயிட்' என்று வரும். ரேஷன் கடையில் எண்ணெய் நிறுத்துப் போடுவதைப் பற்றிய பாட்டு என்று நான் முடிவு செய்திருந்தேன். எண்ணெய்க்காக ஒரு பெண் இவ்வளவு உருகுவாளா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் அம்மாவும் ஏறக்குறைய அப்படித்தான் உருகுவாள்.

ஒருநாள் நான் அத்தையிடம், முதலில் வந்த பாட்டு அடுத்த வாரமும் முதலில் இருக்குமா என்று கேட்டேன்.

"இருக்காதுடி. வேற பாட்டு வந்து தள்ளிடும்."

"அப்ப அதுவும் கான்ட்ராக்ட்டா?"

அத்தை சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது. "மத்த வாரம்லாம் கான்ட்ராக்ட்டுதான். கிறிஸ்மஸ் வாரத்துல மொதல்ல வந்துட்டா மட்டும் பர்மனென்ட். எத்தினி வருஷம் ஆனாலும் அந்த வருஷத்துப் பாட்டுன்னா அதத்தான் சொல்லுவாங்க. எவனாலயும் தூக்க முடியாது."

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

இந்த நேரத்தில்தான் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையும் சுரங்கத்தில் பர்மனென்ட். எங்கள் ஊரில் பெண் பார்க்க நாள் குறிப்பது பஞ்சாங்கத்தை வைத்து அல்ல, ஷிஃப்டை வைத்து. அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது ஒரே ஒரு சாயங்காலம். அது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், லண்டன் ரேடியோவில் முதலிடம் எது என்று சொல்லும் அதே சாயங்காலம். அத்தை வேறு நாள் பார்க்கச் சொன்னாள். அப்பா காரணம் கேட்டார். அவள் காரணத்தைச் சொன்னாள். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் இங்கே எழுதவில்லை.

கடைசியில் அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சம்மதித்து, ரேடியோவை என்னிடம் ஒப்படைத்தாள். அது இருந்த இடம் பின்வாசல். அங்கே துணி காயப்போடும் கம்பியில் ஓர் ஒயரைக் கட்டி ஏரியலில் சுற்றினால்தான் லண்டன் வரும். கம்பியில் அம்மா ஈரத்துணி போட்டால் லண்டன் போய்விடும். முடிவு தெரிந்ததும் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. யார் முன்னால் சொல்லலாம், யார் முன்னால் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள். நான் பின்வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நின்றதால் இரண்டு பக்கமும் கேட்டது. ஒரு காதில் லண்டன், மறு காதில் மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மா பஜ்ஜியைப் பாதி கடித்து வைத்துவிட்டு, கான்ட்ராக்ட் வேலைக்கெல்லாம் பெண்களை அனுப்பும் வழக்கம் தங்கள் வீட்டில் இல்லை, கல்யாணத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார்.

அப்போதுதான் லண்டன்காரர் குரலை உயர்த்தினார். பையன்களின் பாட்டு இரண்டாவதாம். பிறகு அந்தக் கரகரத்த குரல் தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியோவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினேன்.

"அத்த! பர்மனென்ட் ஆயிடுச்சி! பர்மனென்ட் ஆயிடுச்சி!"

ஹால் அப்படியே நின்றது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, முதலில் அத்தையைத்தான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்து, கண் இரண்டும் விரிந்து, ஊரிலிருக்கும் விளக்கையெல்லாம் அங்கே கொண்டுவந்து வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். பாட்டு ஜெயித்ததில் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த, அத்தையின் அலுவலகக்காரர் ஒருவர் வீட்டில்தான் இருந்தது. எங்களுக்கு வரும் நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாம் பின்வாசல் வழியாகத்தான் வரும். நான் ஓடிவந்ததும் பின்வாசலில் இருந்துதான்.

முதலில் அசைந்தது மாப்பிள்ளையின் அம்மா. மீதிப் பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினார். "நல்ல சேதி சொல்லிக்கினு வந்த புள்ள." பிறகு அத்தையைப் பார்த்து, நீ, வா, போ என்று ஒருமையில் பேசிக்கொண்டிருந்தவர், "உக்காருங்கம்மா, ஏன் நின்னுக்கினே இருக்கீங்க?" என்றார். தாய்மாமா, வேலையை எதற்கு விட வேண்டும், பெண் பேரிலேயே ஒரு குவார்ட்டர்ஸ் வாங்கிவிடலாமே என்று கணக்குப் போட ஆரம்பித்தார். அம்மாவிடம் சட்னி கேட்டார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். பின்வாசல் பக்கம் காதைத் திருப்பினார். அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாங்க, எதிர்பாத்துக்கினுதான் இருந்தோம்" என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை. எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அத்தையும் பாட்டைக் கேட்டுவிட்டாள். உட்காரச் சொன்ன நாற்காலியில் அவள் உட்காரவில்லை. என் தோளில் கையை வைத்தாள். வலிக்கும்படி அழுத்தினாள், ஆனால் குரல் டைப் அடித்த மாதிரி நேராக வந்தது.

"எனக்கு இல்லீங்க. பாட்டுக்கு. லண்டன்ல ஒரு பாட்டு மொத எடம் புடிச்சிருக்கு, கொழந்த அதத்தான் சொல்லுது. நான் கான்ட்ராக்ட்டுதான். வேலய வுடறதாவும் இல்ல."

அப்பா கண்ணால் கெஞ்சினார். அம்மா சட்னிக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கன்னத்தைத் தடவிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அவர், பாட்டு என்றால் என்ன பாட்டு, அப்படி என்ன அதிசயம், பாடிக் காட்டச் சொல்லுங்கள், கேட்போம் என்று குத்தலாகச் சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வது வழக்கம்தான். பெண் தலையைக் குனிந்துகொண்டு சாமி பாட்டில் இரண்டு வரி முணுமுணுப்பதும் வழக்கம்தான்.

அத்தை முழுப் பாட்டையும் பாடினாள். குனியவில்லை. பின்வாசலில் கரகரத்த குரல் ஒன்று, ஹாலில் பட்டுப்புடவை கட்டிய குரல் ஒன்று. ரேடியோ இடையில் இரைந்து லண்டன் போய்விட்டது, அத்தை நிறுத்தவில்லை. மேலே ஏறும் இடத்தில் ஏறினாள். 'ஆயில் வெயிட்' என்று வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவை நேராகப் பார்த்துப் பாடினாள். அவள் குரல் அப்படியொன்றும் இனிமையான குரல் இல்லை. அதனால் என்ன? அந்தப் பாட்டை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு சரியாகப் பாடவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

முடிந்ததும் மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார். "இது எந்தப் படம்?" என்றார்.

அவர்கள் போனதும் அப்பா குதித்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல?"

"அப்பறம் என்னாண்ணா பண்றது? ஊர்ல இருக்கறவன் ஆர்டரெல்லாம் நான்தான டைப் அடிக்கிறேன். என்னோடதயும் நானே அடிச்சிக்கட்டுமா?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அத்தை என்னை வடலூருக்குக் கூட்டிப்போனாள். பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போன வாரம் ரேடியோவிலிருந்து பதிவு செய்ததை, இரைச்சலோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் போட்டார். பண்ருட்டி பஸ்ஸும் சிதம்பரம் பஸ்ஸும் அதைக் கேட்டுக்கொண்டே புறப்பட்டன. அத்தை கடை வாசலில் நின்று கரும்புச்சாறு குடித்தாள்.

அத்தைக்குக் கடைசி வரை பர்மனென்ட் ஆகவில்லை. அந்தப் பேச்சு வந்த மாதிரியே போயிற்று. ஓய்வு பெறும் வயது வரை அவள் கான்ட்ராக்ட்டாகவே டைப் அடித்தாள், பிறகு கம்ப்யூட்டரில் அடித்தாள். தனக்குப் பிடித்த ஒருவரைத் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள். இன்றும் டிசம்பரில் போன் செய்து இந்த வருடம் எது என்று கேட்பாள். சொன்னால், அதெல்லாம் ஒரு பாட்டா என்பாள்.

எனக்கும் முதலில் சென்னையில் கான்ட்ராக்ட் வேலைதான் கிடைத்தது. வேலை நிரந்தரம் என்று மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்ன அன்று, அலுவலகக் கழிவறையில் முகம் கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, கண் இரண்டும் விரிந்து இருந்தது. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் ஹாலுக்குள் கத்திக்கொண்டு ஓடிய அன்று, ஒரு நொடிக்கு, தனக்குத்தான் என்று அத்தையும் நம்பியிருக்கிறாள். கையில் வந்த அதைத்தான் அத்தனை பேர் முன்னால், எனக்கு இல்லீங்க என்று அவளே திருப்பிக் கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் பாட்டுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், காத்திருப்பேன் என்று ஒருத்தி பாடியதை எண்ணெயின் எடை என்று நினைத்திருந்ததைப் போல.